இருபத்தொரு வீட்டுத் தெரு

மார்ச் மாதம் முழுக்க எங்கள் வீட்டு வாசலில் வடகம் காயவில்லை, ஓடு காய்ந்தது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டு வாசலில் சாக்கை விரித்துப் போட்டு, கழுவிய பானை ஓடுகளை வரிசையாகப் பரப்பினால் எத்தனை பேர் நின்று கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள் ஒற்றைக் காலை ஊன்றி நின்று, "என்ன லின்சி, பானை ஒடைஞ்சிருச்சா?" என்றார்கள். முதல் வாரம் சிரித்தேன். இரண்டாம் வாரம், "ஆமாங்க, ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி" என்றேன். மூன்றாம் வாரம் காதில் விழாதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

தொல்லியல் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. ஆய்வேட்டுக்காக ஜீயபுரம் பக்கம் காவிரிக் கரை வயல்களை நடந்து பார்ப்பது என் வேலை. நடந்து பார்ப்பது என்றால் நிஜமாகவே நடப்பதுதான். மாணவர்கள் மண்ணைத் தோண்டக் கூடாது. தரைக்கு மேல் கிடப்பதைப் பார்க்கலாம், எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு எடுக்கலாம், அவ்வளவுதான். இரண்டு மாதம் குனிந்த தலை நிமிராமல் நடந்ததில் எனக்குக் கிடைத்தவை நாலு பீர் பாட்டில் மூடி, ஒரு குழந்தையின் கொலுசு, பாதி சீப்பு. கொலுசைக் கொண்டுபோய்க் கொடுத்த வீட்டில் காபி கிடைத்தது. ஆய்வேட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு ரத்தினவேல் அண்ணனின் வாழை வயல் வந்தது. அண்ணன் வாழைத்தார் வியாபாரத்துக்காகக் கேரளாவுக்கும் ஊருக்குமாக அலைகிறவர். வயலைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி மாரியாயி அக்கா. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பேசிக்கொண்டே வாழைச் சருகைக் கிழிப்பார், கிழித்துக்கொண்டே போன் பேசுவார், போன் பேசிக்கொண்டே என்னிடம், "பாப்பா, பாம்பு பாத்து நட" என்பார். அந்த வயலில் கால் வைத்த பத்தாவது நிமிடம் ஓர் ஓட்டைக் கையில் எடுத்தேன். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, விரலால் தடவினால் வழுவழுப்பு. பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி அளவு.

கயிறு கட்டி, வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வோர் ஓட்டுக்கும் எண் போட்டேன். ஒன்பது நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓடுகள். துறையில் கொடுத்த படிவத்தையும் நிரப்பினேன். பதினாலு கேள்விகள். ஆறாவது கேள்வி: நிலம் எத்தனை தலைமுறையாக உங்களிடம் இருக்கிறது? அக்கா சருகைக் கிழித்தபடியே, "எங்க மாமனாரு, அவரோட அப்பா, அதுக்கும் முன்னாடி. நாலு தலைமுறைன்னு எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன்.

ஓடுகள் கிடந்த இடங்களை வரைபடத்தாளில் புள்ளியாக வைத்த அன்றுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. கும்பல் கும்பலாக இருந்தன. ஒரு கும்பலுக்கும் அடுத்த கும்பலுக்கும் நடுவே பதினைந்து தப்படி. அதற்கடுத்ததும் பதினைந்து. மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு. மூவேழு இருபத்தொன்று. ஒரு வீட்டில் பானை உடைந்தால் வீட்டைச் சுற்றித்தானே ஓடு கிடக்கும்? அப்படியானால் இருபத்தொரு வீடு. அப்படியானால் தெரு. ஜீயபுரத்து வாழைக்கு அடியில், அளந்து அளந்து வீடு கட்டிய ஒரு தெரு.

அப்பா பெயர் அற்புதசாமி. பணிமனையில் ஃபிட்டர். முப்பது வருடமாக இயந்திர வரைபடங்களோடு பழகிய கண். என் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, ஸ்கேல் வைத்துப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் எங்கள் லைனைப் பார்த்தார். ஒரே அளவு வீடு, ஒரே அளவு இடைவெளி, கடைசிவரை நேர்கோடு.

"நம்ம லைன் மாதிரியே இருக்கு" என்றார். "அந்தக் காலத்துலயே குவார்ட்டர்ஸ் கட்டியிருக்கான் பாரு."

அன்று ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அவரே உட்கார்ந்து அதைப் பெரிய தாளில் மசியால் வரைந்து கொடுத்தார். மேலே கொட்டை எழுத்தில், 'திட்டமிட்டு அமைக்கப்பட்ட பழந்தெரு' என்று எழுதினார். பணிமனையில் எழுதுகிற அதே எழுத்து. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. கோடையில் ஓர் அகழாய்வு முகாம். நாற்பது நாள். தோண்டக் கூடாது என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு, தோண்டு என்று சொல்லப்போகிற இடம். எங்கள் துறையிலிருந்து ஒரே ஒருவர்தான் போகலாம். வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் யார் கட்டுரை நன்றாக இருக்கிறதோ அவர். போட்டி எனக்கும் பிரவீன்ராஜுக்கும்தான். அவன் ஸ்ரீரங்கத்தில் வீட்டுப் படிக்கல்லாகவும், மாடு கட்டும் கல்லாகவும், துணி துவைக்கும் கல்லாகவும் கிடக்கும் பழைய தூண் துண்டுகளைப் பற்றி எழுதியிருந்தான். படிக்கல்லும் துவைக்கிற கல்லும் எங்கே, என் தெரு எங்கே. அவனைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

புதன்கிழமை மாலை, கட்டுரையை மடித்து வைக்கும்போது ஒரு சின்ன விஷயம் கண்ணை உறுத்தியது. கிழக்கு ஓரத்தில் புள்ளிகள் வரப்போடு நின்றுபோயிருந்தன. அடுத்த வயலிலும் நடந்திருக்கிறேன், அங்கே ஓர் ஓடுகூட இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் தெரு போட்டவர்களுக்கு ரத்தினவேல் அண்ணனின் வரப்பு எங்கே வரும் என்று எப்படித் தெரிந்தது? தண்ணீர் அரித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். தூக்கம் வந்தது, ஆனால் கேள்வி போகவில்லை. வியாழக்கிழமை காலையில் சத்திரம் பஸ் நிலையம் போய் ஜீயபுரம் பஸ் ஏறிவிட்டேன்.

மாரியாயி அக்கா வாழையின் பக்கக் கன்றுகளை வெட்டிக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். அடுத்த வயலின் மண் நிறம் வேறாக இருந்தது. கொஞ்சம் வெளுப்பு, கொஞ்சம் மணல். இத்தனை நாள் கீழேயே பார்த்தவள் பக்கத்தில் பார்க்கவில்லை.

"அக்கா, அந்த வயல் மண்ணு ஏன் வேற மாதிரி இருக்கு?"

"அது ஆத்து மணலு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தண்ணி ஏறி வந்துச்சுல்ல, எல்லார் வயலயும் மூடிருச்சு. அவங்க அப்படியே விட்டுட்டாங்க. நாங்கதான் ஏரி வண்டல் அடிச்சோம்."

"எங்க அடிச்சீங்க?"

"இங்கதான், இந்த வயலுக்குத்தான். டிப்பர்ல வந்து அங்கங்க கொட்டிட்டுப் போனான். நாங்க பொம்பளையாளுங்க மம்முட்டி வச்சு நெரவுனோம். ஒரே ஓட்டாஞ்சில்லு. காலெல்லாம் குத்துது. எவ வரப்புக்குத் தூக்கிட்டுப் போறதுன்னு கொட்டுன எடத்துலயே ஒதுக்கிப் போட்டுட்டோம். அதத்தான நீ இவ்வளவு நாளா பொறுக்கிட்டிருக்க?"

"எத்தனை டிப்பர் அக்கா?"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "மூணு நாளு. நாளைக்கு ஏழு நடை. இருபத்தோரு நடை."

ஏரியில் வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்பது இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். கோடையில் மண் சிந்திக்கொண்டு போகும் டிப்பருக்குப் பின்னால் பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு எத்தனை முறை போயிருக்கிறேன். அந்த மண்ணையும் இந்த ஓட்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. வரிசையாக எதைப் பார்த்தாலும் வீடு என்று நினைக்க நான் பொன்மலையில் பிறந்து வளர்ந்திருக்கிறேன்.

"நாலு தலைமுறை நிலம்னு சொன்னீங்களே அக்கா" என்றேன். குரலில் கொஞ்சம் அழுகை இருந்தது. அவர் மேல் பழி போடப் பார்த்தேன் என்பதும் உண்மை.

"நெலம் பாட்டன் காலத்துதுதான். மேல கெடக்குற மண்ணு முந்தா வருசத்து மண்ணு. நீ நெலத்தைக் கேட்ட, நெலத்தைச் சொன்னேன். மண்ணைக் கேட்டிருந்தா மண்ணைச் சொல்லியிருப்பேன்ல?"

எந்த ஏரி என்று கேட்டேன். அது அண்ணனுக்கும் டிப்பர்காரருக்கும்தான் தெரியும். அண்ணன் லோடோடு பாலக்காட்டில் இருந்தார், போன் எடுக்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சீப்பு பூவன் பழத்தை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது கேள்விக்கு எதிரே என் கையெழுத்தில்: 'நான்கு தலைமுறை. மண் கலைக்கப்படவில்லை.' முதல் வாக்கியம் அக்கா சொன்னது. இரண்டாவது வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது. எழுதியபோது பொய் எழுதுகிறோம் என்றுகூடத் தோன்றவில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை பயமாக இருக்கிறது.

சும்மா இருந்துவிடலாம் என்று நினைக்கவில்லையா என்றால், நினைத்தேன். சத்திரம் வரும்வரை நினைத்தேன். யார் போய் மாரியாயி அக்காவைக் கேட்கப்போகிறார்கள்? ஓடு பொய்யில்லை, அளவு பொய்யில்லை. முகாமுக்குப் போய்வந்து ஆறு மாதம் கழித்து மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், எனக்கு அது கிடையாது. நான் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிற ரகம். வீட்டுக்குள் நுழைந்ததுமே அப்பா, "என்னாச்சு?" என்றார்.

சொன்னேன். அவர் வரைந்த தாளை எடுத்து விரித்துவைத்தார்.

"இருபத்தொண்ணும் சரியா வந்துச்சா?"

"வந்துச்சுப்பா. ஒண்ணுகூடக் கொறையல."

"அப்ப வரைஞ்சதுல தப்பு இல்ல. மேல எழுதுன பேருதான் தப்பு" என்றார். ஒரு வெள்ளைத் தாளைக் கத்தரித்து, தலைப்பின் மேல் ஒட்டிவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். என்ன எழுதுவது என்று தெரியாமல் அவருக்கு ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தேன். பிறகு எழுதினேன்: 'இருபத்தொரு நடை மண்'.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளைப் பலகையில் மாட்டியதும் பின் பெஞ்சில் யாரோ, "தெரு மாதிரி இருக்கே" என்றார்கள். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன். டிப்பர் என்ற சொல் வந்த இடத்தில் சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். எங்கள் பேராசிரியர் அடைக்கலராஜ் சார் சிரிக்கவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரிம்மா. அந்த மண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?"

"தெரியலைங்க சார்."

உட்கார்ந்துவிட்டேன். அடுத்து பிரவீன்ராஜ் பேசினான். நாற்பத்தொரு கல். ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டி, இந்தக் கல் இங்கே எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எதில் கொண்டுவந்தார்கள் என்று கேட்டு எழுதியிருந்தான். சித்திரை வீதியில் இரண்டு வீட்டில் திட்டும் வாங்கியிருக்கிறான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான். முகாமுக்கு அவன் பெயர் போயிற்று. நியாயம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கல்லூரிக் கழிப்பறையில் பத்து நிமிடம் அழுதேன். வெளியே வந்து அவனுக்குக் கை கொடுத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

"பாப்பா, அண்ணன் வந்துட்டாரு" என்றார் மாரியாயி அக்கா. "டிப்பர் ஓட்டுனது பூவரசன். இப்பவும் அதே ஏரியிலதான் அள்ளிட்டிருக்கானாம். நீ வரியா?"

முகாம் போய்விட்டது, கட்டுரை போய்விட்டது. இனி அந்த ஏரி எதுவாக இருந்தால் எனக்கென்ன? ஆனால் கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. சாருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்தது பல்வலி மாதிரி இருந்தது. ஜீயபுரத்தில் இறங்கியபோது அக்கா டி.வி.எஸ். வண்டியோடு தயாராக நின்றார்.

"நீங்களும் வரீங்களா?"

"பின்ன? என் வயல்ல கெடந்தது எவ பானைன்னு எனக்கும் தெரிய வேணாமா? ஏறு."

தெற்கே முக்கால் மணி நேரம். வாழை போய் நெல் வந்தது, நெல் போய்க் கருவேலம் வந்தது. காய்ந்த ஏரி. மதகுக்கு எதிர்மூலையில் ஒரு ஜே.சி.பி.யும் இரண்டு டிப்பரும் நின்றன. பூவரசனுக்கு முப்பது வயதிருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார். அக்காவைப் பார்த்ததும், "என்னக்கா, இன்னும் மண்ணு வேணுமா?" என்றார்.

"மண்ணு வேணாம். அன்னிக்கு எங்களுக்கு எங்க எடுத்தியோ அந்த எடத்தக் காட்டு."

"இந்த மூலைதான். இதோ இப்பவும் அதுலதான் எடுக்குறோம்."

குழி ஓர் ஆள் உயரம். நான் சறுக்கிக்கொண்டு இறங்கினேன். வெட்டிய மண்சுவரில் மேலே கறுப்பாக வண்டல், எத்தனையோ மழைக்காலம் படிந்தது. அதற்குக் கீழே, என் முழங்கால் உயரத்தில், ஒரு கை அகலத்துக்குச் சாம்பல் நிறம். அந்தப் பட்டை முழுக்க ஓடு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. யாரும் கொண்டுவந்து கொட்டாத ஓடு, விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதன் நடுவில் ஒரு பானை, ஜே.சி.பி.யின் பல் பட்டு நெடுக்கில் பாதி போய், மீதிப் பாதி மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஏரி வருவதற்கு முன்னால் அங்கே யாரோ குடியிருந்திருக்கிறார்கள். கையை நீட்டினேன். தொடவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். "சார், நேத்து கேட்டீங்கள்ல, அதுக்குப் பதில் சொல்லணும்" என்றேன். படம் அனுப்பினேன். பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை காலையில லெட்டரோட நானே வரேன். அதுக்கு முன்னாடி எதுவும் பண்ண முடியாதும்மா" என்றார்.

திங்கட்கிழமைக்குள் அந்த மூலையே இருக்காது. ஜே.சி.பி. ஏற்கெனவே வாளியைத் தூக்கிவிட்டது. எனக்குச் சட்டம் தெரியாது, அதிகாரம் கிடையாது, கையில் ஒரு படிவமும் ஒரு பென்சிலும் இருந்தன. மேலே ஏறி வந்து பூவரசனிடம் கேட்டேன்.

"அண்ணே, இந்த மூலையை விட்டுட்டு அந்தப் பக்கம் அள்ள முடியுங்களா? திங்கக்கிழமை வரைக்கும்."

அவர் என்னையும் குழியையும் பார்த்தார். "அங்கயும் பர்மிஷன் இருக்கு. எங்களுக்கு எங்க அள்ளுனா என்னங்க? இங்க ஓட்டுல டயர் வேற கிழியுது. ரெண்டு வருசமா அள்ளுறோம், வேணாம்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றார். ஜே.சி.பி.காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். வண்டி முனகிக்கொண்டு திரும்பி, ஏரியின் அந்தப் பக்கம் போயிற்று.

அவ்வளவுதான். கேட்டேன், நகர்ந்தது. வெள்ளிக்கிழமை நான் அதைத் தெரு என்று சொல்லியிருந்தால் இந்நேரம் முகாமுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன், இந்தப் பானை சாயங்காலத்துக்குள் யாருடைய வயலுக்கோ வண்டியேறியிருக்கும். முகாம் போன வருத்தம் அப்போதும் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த நிமிடம் அது எங்கோ தூரத்தில் இருந்தது.

மாரியாயி அக்கா குழிக்குள் இறங்கி, புடவையை முழங்காலுக்கு இடையில் செருகிக்கொண்டு, பானைக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தார். தொடாமல், கழுத்தை மட்டும் சாய்த்து உள்ளே பார்த்தார்.

"சோத்துப் பானதான்" என்றார். "அடி கருகியிருக்கு பாரு. ஒரு பக்கமா கருகியிருக்கு. அடுப்புல வச்சுட்டு எங்கயோ போயிருக்கா. வயலுக்கா இருக்கும். நானும் அப்படித்தான் வாரத்துக்கு ஒரு நாளு தீய்ச்சிருவேன்."

நான் குழி ஓரத்தில் உட்கார்ந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். பதினாலு கேள்விக்குக் கீழே பதினைந்தாவதாக, 'மண் எங்கிருந்து வந்தது?' என்று எழுதி, 'இங்கேயே இருந்தது' என்று பதில் எழுதினேன். அதற்குக் கீழே பார்த்தவர் கருத்து என்று ஓர் இடம் உண்டு. அதில், என் வாக்கியம் ஒன்றைக்கூடச் சேர்க்காமல், அக்கா சொன்னதை அப்படியே எழுதினேன்.